பட்டவர்தான் சொல்ல வேண்டும்

மாஸ்க்கை இறக்கினதும் என் மூச்சு திரும்பி என் முகத்துக்கே வருகிறது, காலையில் குடித்த பிளேன்ரீயின் இஞ்சி வாசம் இன்னும் அதில் கிடக்கிறது. கண்ணுக்கு முன்னால் கம்பிவலை, வலைக்கு அந்தப் பக்கம் அண்ணை. சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி வைத்த அண்ணை. மண்டபத்தின் மறுகரையில் வாளோடு நின்று கையுறையை இழுத்து இழுத்துச் சரிபண்ணுகிறார், அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆக்கள் பார்க்கிற நேரத்தில் அவருக்கு எதையாவது சரிபண்ணியே ஆக வேண்டும், கலியாண வீட்டு வாசலில் சால்வையைச் சரிபண்ணுகிற மாதிரி. இன்றைக்கு அவருக்கு இங்கே கடைசி நாள். வருகிற கிழமை அவரும் மச்சாளும் இத்தாலியின் பொலோஞ்ஞாவை விட்டு இங்கிலாந்துக்குப் போகிறார்கள், கொவன்றியில் மகன் மயூரனோடு இருக்க. மயூரனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. என்னையும் வரச்சொல்லிக் கேட்டார். கேட்டார் என்று சொல்ல ஏலாது, சொன்னார். நீயும் வெளிக்கிடு பிள்ளை, அங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போகினம், குழந்தையைப் பாக்க ஆள் வேணும் என்றார், உப்பை எடு என்கிற மாதிரி. இன்று பின்னேரம் நான் பதில் சொல்ல வேண்டும், ரிக்கற் போட வேண்டுமாம். உடுப்பு மாற்றுகிற அறைக்கு வெளியில் அவருடைய ஜக்கெற்றின் முதுகுச் சிப்பை நான்தான் இழுத்துவிட்டேன், அவருக்குக் கை எட்டாது, இழுத்துவிட்டுக்கொண்டே, இண்டைக்காவது பட்டதைப் பட்டதெண்டு சொல்லுங்கோ அண்ணை என்றேன். அவர் திரும்பிச் சிரித்தார். "சொன்னா கொவன்றிக்கு வருவியோ?" பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் நான் எனக்குள் வைத்திருந்ததும் அதுதான், ஒருவருக்கும் சொல்லாமல், சொன்னால் விசர் பிடிச்சிட்டுது என்பார்கள் என்று. இந்தக் கடைசி ஆட்டத்தில் அண்ணை ஒருதரம், ஒரேயொரு தரம், பட்டுது என்று தன் வாயால் சொன்னால் நான் போவேன். அந்தப் பிள்ளையையும் வளர்ப்பேன். சொல்லாவிட்டால் இல்லை.

வாள் விளையாட்டு விளையாடுகிற கிழவிக்கு இது ஒரு காரணமோ என்று கேட்டால் கேட்கட்டும். இந்த மண்டபத்தில் மத்தியஸ்தர் கிடையாது. கொடி தூக்குகிறவரும் இல்லை, விசில் ஊதுகிறவரும் இல்லை. லொரேன்சாதான் எங்களுக்குப் பழக்குகிறவ, கிழமை நாளில் பல் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, சனிக்கிழமை காலையில் வாள். ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் இந்த ஊரில் ஒற்றைக் கையால் வாள் பிடித்தவர்கள் எழுதி வைத்ததை அவ வாசிப்பா, வாசித்துவிட்டு எழும்பி நின்று, கால் இப்படி வந்திருக்குமோ, மணிக்கட்டு இப்படித் திரும்பியிருக்குமோ என்று உடம்பால் தேடுவா, நாங்களும் சேர்ந்து தேடுவோம். முதல் நாளே அவ சொன்னது இதுதான். அடித்தவர் பட்டது என்று சொல்லக் கூடாது. பார்த்தவர் சொல்லக் கூடாது. பட்டவர்தான் சொல்ல வேண்டும். உன்னில் பட்டால் நில், வாளை இறக்கு, வெறுமையாக இருக்கிற இடது கையால் பட்ட இடத்தைத் தொட்டு, தொக்காத்தோ என்று எல்லாருக்கும் கேட்கச் சொல். நான் தமிழில் பட்டுது என்று சொல்லிச் சொல்லி இப்போது இத்தாலிக்காரப் பெடியள்கூட ‘பத்துதோ’ என்கிறார்கள், கேட்கச் சிரிப்பாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. படாத அடியைப் பட்டது என்று எதிராளி சொன்னால், அடித்தவர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, படவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பியேரோ என்று ஒரு நெட்டைப் பெடியன், தொடக்கத்தில் என்னோடு ஆடும்போது, நான் வீசின வாள் அவனுடைய தோளுக்கு ஒரு சாண் வெளியில் போனாலும் தொக்காத்தோ என்பான், வயசுபோன மனிசி, பாவம் என்று. நான் நாலு தரம் பொறுத்துவிட்டு ஐந்தாம் தரம், இல்லை, படவில்லை என்றேன். லொரேன்சா வந்து என் தோளைத் தட்டினா. பியேரோ அன்றைக்குப் பிறகு என்னை மனுசராக மதித்து அடிக்கத் தொடங்கினான், கை கண்டி நீலமாப்போச்சு, ஆனால் எனக்கு அது சந்தோசம். அண்ணை வந்து சேர்ந்து ஒரு வருசம் ஆகிறது. அவரில் இன்றுவரைக்கும் ஒரு வாளும் பட்டதில்லை. ஒருவருடைய வாளும். கேட்டால், ஜக்கெற் தடிப்பெல்லே, எனக்கு விளங்கேல்லை என்பார். இல்லாவிட்டால், வாளின்ர தட்டைப் பக்கம்தான் பட்டது, அது கணக்கில்லை என்பார். இல்லாவிட்டால், நான்தான் முந்தி அடிச்சனான் என்பார். இவர்கள் நல்ல பிள்ளைகள், வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் போய்விடுவார்கள், ஸி ஸி பாரா, ஓம் ஓம் என்று. பரராஜசிங்கம் என்கிற பேர் அவர்களுக்கு வாயில் நுழையாது. சற்குணவதியும் நுழையாது, நான் சாரா.

சாரா, தயாரோ என்று லொரேன்சா கேட்கிறா. தலையை ஆட்டுகிறேன். வலது கையில் வாள், கூர் மழுக்கின இரும்பு, ஆனாலும் இரும்பு இரும்புதான், முழங்கைவரைக்கும் அதன் பாரம் ஏறி நிற்கிறது. நான் இந்த மண்டபத்துக்கு வந்தது வாள் பிடிக்க இல்லை, தரை துடைக்க. இப்போதும் நான்தான் துடைக்கிறேன், இந்த மஞ்சள் கோட்டுக்கு மேலாலேயும் இந்தப் பலகை வாங்குகளுக்குக் கீழேயும் என் துடைப்பம் போகாத இடம் இல்லை. ஒரு சனிக்கிழமை சோடிக்கு ஆள் குறைந்தது, லொரேன்சா என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு வாளைத் தந்தா, சும்மா நின்றால் போதும் என்று. நின்றேன். அவ என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சாரா, அந்த இடது கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டா. ஒன்றுமில்லையே என்று குனிந்து பார்த்தால் என் இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் வளைந்து, உள்ளங்கை மேலே பார்த்து, இடுப்பு ஒருபக்கம் தள்ளி நிற்கிறது. பிள்ளை தூக்கின கை. அண்ணையின் மகள் தர்ஷினியையும் பிறகு மயூரனையும் தூக்கித் தூக்கி வந்த வளைவு. அவர்கள் இறங்கி நடந்து, பள்ளிக்கூடம் போய், கலியாணமும் கட்டிப் போய்விட்டார்கள், கை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் கையை நேராக்கிப் பார்த்தேன், அது பாட்டுக்கு வளைந்தது. மச்சாளும் அண்ணையும் விடிய வேலைக்குப் போனால் இருட்டினால்தான் வருவார்கள், அந்த இரண்டும் நான் பெற்றது போலத்தான், பால் கரைத்தது, காய்ச்சலுக்கு முழித்திருந்தது, பள்ளிக்கூடத்து ரீச்சரோடு தெரிந்த நாலு இத்தாலிச் சொல்லை வைத்துச் சண்டை பிடித்தது. குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளில் எனக்கு ஒரு குறையுமில்லை. தர்ஷினி என்னை முதலில் அம்மா என்றுதான் கூப்பிட்டாள், மச்சாளின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நான்தான் மாமி என்று மாற்றிப் பழக்கினேன். பல நாள் எடுத்தது. மாமி, மாமி, சொல்லு குஞ்சு, மாமி.

வருகிறார். இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் வருகிற நடைக்கே இங்கே ஒரு அழகு வைத்திருக்கிறார்கள், வெறுமனே நடந்து வரக் கூடாது, வாளைக் காற்றில் சுழற்றி, ஒருகால் மாற்றி ஒருகால் வைத்து, பார்க்கிறவருக்கும் எதிராளிக்கும் மரியாதை காட்டிக்கொண்டு வர வேண்டும். அண்ணைக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். நெஞ்சில் அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு டொக்டர் நடக்கச் சொன்னார், அவர் தனிய நடக்கச் சோம்பல்பட்டு, தங்கச்சி வாள் வைத்திருக்கிற படத்தை யாரோ ரெலிபோனில் காட்டினதும், இவள் பிடிக்கிறாள் எண்டா எனக்கென்ன என்று வந்தவர். வந்து, இந்த நடையைக் கண்டதும் இங்கேயே நின்றுவிட்டார். நன்றாகத்தான் நடக்கிறார். பொய் சொல்லக் கூடாது. முதுகு நிமிர்ந்து, வாள் தலைக்கு மேலால் சுழன்று, சாமி வாகனம் மாதிரி. நானும் நடக்கிறேன், எனக்கு முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது. முந்தி எங்கள் வீட்டுக்கு நித்தி நடந்து வருகிற சத்தம் படியிலேயே கேட்கும். மணி அடிக்க முதல் ஒருதரம் செருமுவார், நான் வந்திட்டன் என்று கதவுக்குச் சொல்லுகிற மாதிரி. நித்தியானந்தன். அண்ணையோடு ஒரே பிற்சாக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. புட்டுக்கு மேல் குழம்பை ஊற்ற மாட்டார், பக்கத்தில் ஊற்றித் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார், புட்டு நனைஞ்சா அதின்ர ருசி போயிடும் என்பார். அந்தப் புட்டு நான் அவித்தது. ஒருநாள் குசினிக் குழாய் ஒழுகினதைத் துணிக் கிழிசலும் நூலும் கொண்டு கட்டிவிட்டு, இஞ்சத்தைக் கடல் பாத்தனீரோ என்று கேட்டார். இல்லை என்றேன். ரயிலில போனா கிட்டத்தான் என்றார். அவ்வளவுதான் அவர் என்னோடு கதைத்தது, அதைக் கதைத்தது என்று சொல்லலாமோ தெரியாது. பிறகு அவர் வரவில்லை. ஒரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு. நான் புட்டைக் கூடுதலாக அவித்துவிட்டு இருந்தேன். அண்ணை, அவன் ஜெனோவாவுக்கு மாறிப் போயிட்டான் என்றார், ரெலிவிசனைப் பார்த்துக்கொண்டு. அந்தத் துணிக்கட்டு ஒழுகாமல் கனகாலம் இருந்தது. பிறகு அண்ணை ஒரு ஆளைப் பிடித்துப் புதுக் குழாய் போட்டார்.

அண்ணை வாளை மேலே உயர்த்திப் பிடித்து நிற்கிறார், உயரத்திலிருந்து விழுகிற அடிக்கு. நான் எனக்குப் பிடித்த மாதிரி, வாளைத் தாழ்த்தி முழங்காலுக்கு உள்ளே வைத்து, முனை அவரைப் பார்க்க. இரும்பு வாசல் என்று இதுக்குப் பேர். வாசல் என்றாலும் மூடின வாசல். அவர் சுற்றுகிறார், நானும் சுற்றுகிறேன். அவருடைய மாஸ்க்குக்குள் முகம் தெரியவில்லை, இருட்டு, அதனால் எந்த வயசு அண்ணையையும் அதுக்குள் வைத்துப் பார்க்கலாம். ரெஜியோவில் தெரிந்த ஆக்களின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு, தர்ஷினிக்குப் பதினாறு பதினேழு இருக்கும் அப்போது, மண்டபம் நிறையச் சனம், நான் பலகாரத் தட்டோடு வரிசையில் போகிறேன், யோகம் அக்கா, நித்தியின் தமக்கை, லண்டனிலிருந்து வந்திருந்தவ, என் கையைப் பிடித்து இழுத்தா. "நீர் அவனை வேண்டாமெண்டு சொன்னீராமே. அவன் எவ்வளவு உடைஞ்சுபோனவன் தெரியுமே உமக்கு?" நான் சொல்லவில்லையே, என்னை ஒருவரும் கேட்கவில்லையே என்றேன். அவ என்னைப் பார்த்தா. அவன் உம்மட அண்ணையிட்ட முறையா வந்து கேட்டவன், உம்மட அண்ணைதான் சொன்னவராம், அவளுக்குக் கலியாணம் வேண்டாமாம், எங்கட பிள்ளையளோடதான் இருக்கப் போறாளாம் எண்டு. அவ சொல்லிக்கொண்டே ஒரு சிப்பிப் பலகாரம் எடுத்துக் கடித்தா, அந்த மொறுக்கென்ற சத்தம் எனக்கு இப்பவும் கேட்கிறது. நான் தட்டைக் கீழே போடவில்லை. அந்த வரிசை முடிய, அடுத்த வரிசைக்கும் கொடுத்தேன். ஒருவர், என்ன சற்குணம், முகம் வாடிக்கிடக்கு என்றார், சாறி இறுக்கம் என்றேன். ஜெனோவாவிலிருந்து லண்டனுக்குப் போன நித்திக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அவரில் எனக்கு ஒன்றுமில்லை, என்னிடமே கேட்டிருந்தால் நான் ஓம் சொல்லியிருப்பேனோ என்றுகூட எனக்குத் தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல். இல்லை என்று சொல்லுகிறதுக்கும் எனக்கு ஒரு வாய் இருந்தது. அதை அண்ணை எடுத்துக்கொண்டார்.

சாமத்தியவீட்டால் வந்த அடுத்த நாளே அண்ணையைக் கேட்டேன், குசினியில் வைத்து. அவர் மீன் முள்ளு எடுத்துக்கொண்டிருந்தார், மச்சாள் சோத்துப் பானைக்குள் தலையை விட்டவ, எடுக்கவேயில்லை. அப்படி ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, யோகத்துக்கு வாய் நீளம் என்றார் அண்ணை. அடுத்த வருசம் கேட்டேன். உனக்கு இஞ்ச என்ன குறை என்றார். பிறகு ஒருதரம், ஆசுப்பத்திரியில் நெஞ்சுக்குக் குழாய் வைத்துக் கிடந்தபோது, இப்போதென்றாலும் சொல்லுவார் என்று பக்கத்தில் இருந்து, காலைப் பிடித்துவிட்டு, மெல்லமாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆரடி நித்தி என்றார். ஆரடி நித்தி. அதுதான் எனக்குப் பயம், இந்த வாளையெல்லாம்விட. பொய் சொன்னால் பரவாயில்லை, பொய் சொல்லுகிற ஆளுக்கு உள்ளே உண்மை கிடக்கும், என்றைக்கோ ஒருநாள் வெளியில் வரும். அவர் உண்மையிலேயே மறந்துபோயிருந்தால். அவருக்கு அது விளங்கவேயில்லை என்றால், ஜக்கெற் தடிப்பு என்கிற மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்சாக் கடைப் பின்பக்கத்தில் நின்று, சிகரெற்றைக் காலால் நசுக்கிக்கொண்டு, ஒரு சொல் சொல்லிவிட்டு, உள்ளே போய் மிச்சக் கோப்பையைக் கழுவியிருப்பார். அவர் அப்படிச் சொன்னதை நான் பார்க்கவில்லை, ஆனால் சிகரெற்றை நசுக்கினது மட்டும் எனக்கு நிச்சயம், எதையும் முடித்துவிட்டு அவர் அப்படித்தான் செய்வார். இப்போது அவர் போய்விட்டால் கேட்கிறதுக்கும் ஆளில்லை. அதோடு, இதையும் சொல்லத்தான் வேண்டும், சற்குணம் என்று என்னைக் கூப்பிடவும் இந்த ஊரில் ஆளில்லை. நாள் முழுக்க சாரா, சாரா. என்னுடைய வாடகை அறைக்குள் வந்து கதவைப் பூட்டினால் ஒருவருமில்லை. கொவன்றிக்குப் போனால் ஒரு குழந்தை, மாமி என்னும், இல்லை, நான் அதுக்கு மாமிப் பாட்டியோ என்னவோ, புதுசாக ஒன்று பழக்க வேண்டும். குழந்தையின் படம் அனுப்பியிருந்தான் மயூரன். மூக்கு தர்ஷினியின் மூக்கு. நேற்று அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.

தலைக்கு அடிக்கப் போகிறேன் என்று காட்டினேன். வாளைத் தூக்கி ஒரு கால் முன்னுக்கு. அவர் உடனே தலையைக் காக்கக் கையை உயர்த்தினார், எப்போதும் தலையைத்தான் காப்பார், அந்த நேரம் மணிக்கட்டைத் திருப்பி இடதுபக்கத்தால் கொண்டு வந்தேன், லொரேன்சா ஆயிரம் தரம் காட்டித் தந்த வெட்டு, கை தானாகவே செய்தது, வாள் அவருடைய வலது முழங்கையில் விழுந்தது. மெத்தையைத் தடியால் அடித்த மாதிரிச் சத்தம். என் கைக்குள் அது வந்து சொன்னது, பட்டது என்று. பட்டால் வாளுக்குத் தெரியும், காற்றில் போன அடிக்கு இப்படி ஒரு உதைப்பு இல்லை. அவருடைய வாள் ஆடியது. அந்த ஒரு நிமிசம் நான் கொவன்றியில் நின்றேன், கையில் குழந்தை, சன்னலில் மழை. அவர் நிற்கவில்லை. அப்படியே வந்து என் மாஸ்க்கின் நெற்றியில் ஓங்கி ஒன்று போட்டார், டங்கென்று காது அடைத்துப்போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பியேரோ பார்த்தான், அவன் வாயைத் திறந்து மூடினதையும் கண்டேன், ஆனால் பார்த்தவர் சொல்லக் கூடாது. நான் நின்றேன். வாளை இறக்கினேன். இடது கையால் என் நெற்றியைத் தொட்டு, பட்டுது என்றேன், எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன், அவருடைய அடி என்னுடையதுக்குப் பிறகுதானே வந்தது, சொல்லாமல் விட்டிருக்கலாம். பட்டது பட்டதுதான், அதனால் சொன்னேன். அவருக்குக் கை தட்டினார்கள், கடைசி நாள் என்று, பிராவோ பாரா. நான் என்னுடைய கரைக்குத் திரும்பிப் போனேன், கண்ணுக்குள் ஏதோ எரிந்தது, மாஸ்க்குக்குள் கையை விட்டுத் துடைக்க ஏலாது. வியர்வை என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது தரம் நடந்து வந்தபோது எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது. சும்மா ஒரு வீச்சு, நெஞ்சுக்கு நேராக, தூரத்திலிருந்து. கால் எட்டவில்லை, முழங்கால் பிடித்தது, வாளின் முனை அவருடைய ஜக்கெற்றுக்கு ஒரு கையகலம் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு உதைப்பும் இல்லை. கை வெறுமையாக இருந்தது. அண்ணை நின்றார். வாளை இறக்கினார். அழகாக, லொரேன்சா சொல்லித் தந்த மாதிரியே, இடது கையைக் கொண்டு போய் நெஞ்சில் வைத்தார், குழாய் வைத்த பக்கம். "பட்டுது" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு வருசமாக அந்த வாயில் வராத சொல். பெடியள் ஓவென்று கை தட்டினார்கள், யாரோ வாங்கில் காலால் தட்டினான், தாத்தாவின் பெரிய மனசு, தங்கச்சிக்குப் பிரியாவிடை. எடு, என்றது ஒரு மனம். கேட்டது இதுதானே. ஆருக்குத் தெரியப் போகுது, உனக்கும் அவருக்கும் தெரியும், அவர் சொல்ல மாட்டார். எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையைப் பார். சற்குணம் என்று கூப்பிட ஆள் இருக்கும். இவ்வளவு காலம் காய்ந்து கிடந்த வாயில் ஒரு சொட்டுத் தண்ணி விழுகுது, அது எந்தக் குழாய்த் தண்ணி என்று பார்க்கிறதே? வாளை இறக்கப் போனேன், கை பாதிவரை இறங்கினது. அப்போது அவர் தலையைக் கொஞ்சம் சரித்தார், வலைக்குள்ளால் எனக்கு முகம் தெரியவில்லை, ஆனால் அந்தத் தலைச் சரிவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தீவாளிக்கும் சாறிப் பையை என் மடியில் போட்டுவிட்டு, வந்த சனத்திடம், இவள்தான் எங்கட வீட்டுக்கு விளக்கு என்று சொல்லுகிறபோது சரிக்கிற சரிவு. நான் கேட்காததை எல்லாருக்கும் முன்னால் தந்து, கேட்டதைக் கேட்க விடாமல் பண்ணுகிற சரிவு. சொன்னா வருவியோ என்று கேட்டது பகிடியில்லை. விலையைக் கேட்டறிந்துகொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

"படேல்லை" என்றேன்.

கை தட்டல் பாதியில் நின்றது. லொரேன்சாவுக்கு அந்தச் சொல் தெரியாது, என்ன என்று என்னைப் பார்த்தா, நான் இத்தாலியில் திருப்பிச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா, அதுதான் முறை, யாரும் ஒன்றும் சொல்ல ஏலாது. அண்ணை மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தார். முகம் சிவந்து, மயிர் நெற்றியில் ஒட்டி, எனக்கு அப்பு செத்த வீட்டில் நின்ற அண்ணை ஞாபகம் வந்தார், அதே முகம், கொஞ்சம் தொங்கிப்போயிருக்கிறது. மெல்லமாகச் சொன்னார், சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே, பார்க்கிறவர்களுக்காக. "பிள்ளை, இவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லியாச்சு. எடுத்துக்கொள்ளன். உனக்கு இன்னும் என்னதான் வேணும்?" முதல் பட்டதைச் சொல்லுங்கோ அண்ணை என்றேன், இது படேல்லை, முதல் பட்டது. "எது முதல் பட்டது" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. எனக்குப் பயம் எழும்பினது, ஆசுப்பத்திரிக் கட்டில், ஆரடி நித்தி, உண்மையிலேயே இந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லையோ, நான்தான் இத்தனை காலமும் ஒரு சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தேனோ. அப்போதுதான் கண்டேன். எது முதல் பட்டது என்று கேட்டுக்கொண்டு நிற்கிற அவருடைய இடது கை, அவருக்குத் தெரியாமலே, வலது முழங்கையை உருவிக்கொண்டு இருக்கிறது. நான் அடித்த அதே இடம். பெருவிரலால் அழுத்தி, விட்டு, அழுத்தி. நான் பார்க்கிறதை அவரும் பார்த்தார். கை நின்றது. லொரேன்சாவும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பாரா, தொக்காத்தோ என்று கேட்டா, கேட்கக் கூடாதுதான், என்றாலும் கேட்டா. அவர் கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். இல்லை இல்லை, கடிக்குது என்றார், ஜக்கெற்றின்ர துணி கடிக்குது.

சரி. விளங்கிற ஆள்தான். ஜக்கெற் அவ்வளவு தடிப்பில்லை. அதை அறிந்தது ஆறுதலோ, இன்னும் கசப்போ, நான் பிரித்துப் பார்க்கவில்லை. "மயூரனுக்குச் சொல்லுங்கோ, பிள்ளையைப் பாக்க வேற ஆளைப் பிடிக்கச் சொல்லி" என்றேன். அவர் சிரிப்பைக் கீழே வைத்தார். சற்குணம் என்றார். அந்தப் பேரை இவ்வளவு மெல்லமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை, அதுக்குப் பிறகும் ஏதாவது வரும் என்று நின்றேன். பேரோடு நின்றுபோனது. அவர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு தன்னுடைய கரைக்குப் போனார், வாளைச் சுழற்றாமல், சும்மா நடந்து. நானும் என்னுடைய கரைக்கு வந்து திரும்பி, காலை வைத்து, வாளைத் தாழ்த்தி முழங்காலுக்கு உள்ளே கொண்டு வந்தேன். இனி மயூரனின் பிள்ளையை நான் தூக்கப்போவதில்லை, கொவன்றியில் மழை பெய்தால் பெய்யட்டும், பின்னேரம் அறைக்குப் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துக்கொண்டு தனிய இருப்பேன், ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குள் சொன்னேன், நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன் என்று நினைக்கிறேன். சாரா, என்றா லொரேன்சா பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல். இடது கை. குனிந்து பார்த்தேன். அது வளைந்து, உள்ளங்கை மேலே பார்த்து, இடுப்பு ஒருபக்கம் தள்ளி நிற்கிறது.